அப்பா மிஷின் போட்டால் எரியும் விளக்கு

தண்ணீரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் கோயம்புத்தூர்க்காரர்களைக் கையில் பிடிக்க முடியாது. சிறுவாணி என்று ஆரம்பித்தால் அரைமணி நேரத்துக்கு நிறுத்த மாட்டார்கள். மின்சாரத்தைப் பற்றி மட்டும் அந்தக் காலத்தில் யாரும் பெருமை பேசி நான் கேட்டதில்லை. அதிலும் சிங்காநல்லூரைத் தாண்டி, ஊரென்றும் சொல்ல முடியாமல் தோட்டமென்றும் சொல்ல முடியாமல் கிடந்த எங்கள் வீதிக்கு வந்தது, வழியில் உள்ள வீடுகளுக்கெல்லாம் கொடுத்ததுபோக மிஞ்சிய மின்சாரம்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு ட்யூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்துபோய், எரிவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும். மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிவிடலாம். டிவியில் படம் இரண்டு பக்கமும் சுருங்கி, மந்திரிகள்கூடப் பஞ்சத்தில் அடிபட்டவர்களாகத் தெரிவார்கள்.

இதில் பாதிப் பழி எங்கள் அப்பாவுக்குச் சேரவேண்டியது. அப்பா இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருந்தார். வாய்க்காலைத் தாண்டி, ஒரு தென்னந்தோப்பைச் சுற்றிக்கொண்டு போனால் வரும் தகரக் கொட்டகை. அந்தப் பக்கம் வேறு வீடு வாசல் கிடையாது. வீதியில் வரும் மின்கம்பி எங்கள் வீட்டைத் தாண்டி அங்கே போய்த்தான் முடியும். கடைசிக் கம்பம் பட்டறைக்கு, அதற்கு முந்தைய கம்பம் எங்களுக்கு. உடுமலைப்பேட்டைப் பக்கத்து மில் ஒன்றுக்கு, நூற்கும் மிஷின்களில் சுழலும் உருளைகளைக் கடைந்து கொடுப்பது அப்பாவின் வேலை. அந்த ஒரு மில்தான் எங்கள் சோறு.

பட்டறையில் இருந்த பெரிய லேத், நான் பிறப்பதற்கு முன்பே வந்தது. அதனால் அப்பா அதை எனக்கு அக்கா ஆக்கிவிட்டார். காலையில் கிளம்பும்போது, "உங்கக்காளுக்கு எண்ணெய் வெச்சுப்போட்டு வாரேன் அம்மணி" என்பார். எனக்கு ஆத்திரமாக வரும். எனக்கு எண்ணெய் வைத்துவிட அவருக்கு ஒருநாளும் நேரம் இருந்ததில்லை.

நான் நான்காவது படிக்கும்போது வீட்டுக்கு ஒரு எமர்ஜென்சி லைட் வந்தது. மேலே கைப்பிடி, முன்னால் இரண்டு குட்டி ட்யூப்லைட்டுகள், ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு. கரண்ட் போனால் யாரும் தொடாமல் தானாக எரியும். அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து அலமாரிமேல் ஏற்றினாள். வந்த இரண்டாம் நாளே அது ஒரு கூத்துக் காட்டியது. பட்டப்பகலில், கரண்ட் இருக்கும்போதே, பளிச்சென்று எரிந்து அணைந்தது. அம்மா பயந்துபோய் சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மத்தியானம் சாப்பிட வந்த அப்பாதான் விளக்கம் சொன்னார். பட்டறையில் மிஷின் போடும் அந்த ஒரு நொடி, லேத்தின் மோட்டார், கம்பியில் உள்ள கரண்டையெல்லாம் ஒரே மடக்கில் குடித்துவிடுமாம். அந்த நொடி நம் வீட்டில் வோல்டேஜ் இறங்கிவிடும். விளக்குக்கு அவ்வளவு விவரம் போதாது. கரண்டே போய்விட்டது என்று நினைத்து எரிந்துவிடும். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும், விளக்கும் அணைந்துவிடும்.

"அது எரிஞ்சா அப்பன் மிஷின் போட்டுட்டான்னு வெச்சுக்க கண்ணு" என்றார்.

அப்படியே வைத்துக்கொண்டோம். காலை எட்டே முக்காலுக்கு விளக்கு ஒருமுறை எரியும். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு வேலையைப் பொறுத்து இருபது தடவையோ முப்பது தடவையோ எரியும். மத்தியானம் ஒன்றேகால் தாண்டியும் எரிந்துகொண்டிருந்தால் அப்பா சாப்பிட வர நேரமாகும் என்று அம்மா ரசத்தை அடுப்பில் ஏற்றமாட்டாள். லீவு நாட்களில் நான் அதன் முன்னால் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவேன். எரியும்போதெல்லாம் அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடிப்பதாக எனக்கு நினைப்பு. நானும் பதிலுக்குக் கண்ணடிப்பேன். எனக்கு அப்போது இரண்டு கண்ணையும் சேர்த்துத்தான் மூட வரும்.

புது டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று அப்பா நான்கு வருஷமாக மின்வாரிய ஆபீசுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார். வோல்டேஜ் இல்லாமல் இரண்டு முறை மோட்டார் கருகிப்போயிருந்தது. வீதியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார், மனு எழுதுவார், போய்க் கொடுப்பார், அவர்கள் வாங்கிவைத்துக்கொள்வார்கள். கடைசியில் ஒரு தை மாதம், பொங்கல் கழிந்து பத்துநாள் இருக்கும், லாரியில் டிரான்ஸ்ஃபார்மர் வந்து இறங்கியது. வீதிமுனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே அதை ஏற்றி உட்காரவைத்தார்கள்.

வீதியே கூடிவிட்டது. கம்பத்துக்கு மாலை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் கொளுத்தினார்கள். "கிட்டக்க போகாதீங்க, அது சாமியில்லீங்க" என்று லைன்மேன் கத்திக்கொண்டே இருந்தார். பாடுபட்ட மனுஷன்தான் தேங்காய் உடைக்கவேண்டும் என்று எல்லோரும் அப்பாவைத் தேடினார்கள். அவர் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். "ஆராச்சும் ஒடைங்க, எனக்குக் கை வலிக்குது" என்றார். அப்பாவுக்குக் கூச்சம் என்று ஊர் சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்கு ஒருவாரம் முன்னால் உடுமலைப்பேட்டை மில்லின் கேட்டைப் பூட்டியிருந்தார்கள். கையில் மிச்சமிருந்த வேலையும் அந்த வாரத்தோடு முடிந்தது, அப்பாவுக்கு இனி உருளைகள் கடைய வேலை இல்லை. இது பின்னால் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் அது அப்பா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு மின்விசிறி சுழன்ற வேகத்தில் காலண்டர் தாள் சுவரில் நிற்கவில்லை. டிவியில் எல்லோருக்கும் சதை பிடித்தது. எமர்ஜென்சி லைட் எரிவதும் நின்றுபோனது. எட்டே முக்கால் ஆகும், ஒன்பதும் ஆகும், அது சிவப்புப் பொட்டோடு சும்மா உட்கார்ந்திருக்கும். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. "நல்ல வோல்டேஜ் வந்தா அது எதுக்குடி எரியப்போகுது?" என்றாள் அம்மா. அது சரியாகத்தான் பட்டது. சாயங்காலம் அப்பாவிடம், "இப்ப நம்மூட்டுல கரண்டு சூப்பருங்கப்பா, லைட்டு எரியறதே இல்லைங்க" என்று சொன்னேன். அவர் என் தலையைத் தடவிவிட்டுக் கொல்லைப்புறம் போனார். அதற்குப்பின் தினமும் அதையே சொன்னேன். கெட்டிக்காரி என்ற நினைப்பு.

அப்பா வழக்கம்போலக் காலையில் கிளம்பினார். அக்காவுக்கு எண்ணெய் வைப்பதாகச் சொல்வதை மட்டும் விட்டுவிட்டார். மத்தியானம் வெயிலில் வந்துபோவது சிரமம் என்று சாப்பாட்டைத் தூக்குப்போசியில் கொண்டுபோக ஆரம்பித்தார். சனிக்கிழமை தோறும் அம்மா கையில் கொடுப்பதையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார். அவருடைய சட்டையை வெளுப்பது இப்போது சுலபமாக இருக்கிறது என்று அம்மா ஒருநாள் பக்கத்துவீட்டு அக்காவிடம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். 

பங்குனியில் எனக்கு முழுப்பரீட்சை. பரீட்சை எழுதிவிட்டு மத்தியானமே வந்துவிடுவேன். ஒருநாள் வீதியில் ஏதோ வேலை என்று கரண்ட்டை நிறுத்தியிருந்தார்கள். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். எமர்ஜென்சி லைட் மட்டும் பகல் வெளிச்சத்தில் வீணாக எரிந்துகொண்டிருந்தது. எனக்கு அப்பாவின் நினைப்பு வந்தது. பட்டறைக்கு ஜன்னல் கிடையாது. இருட்டில் பாவம் எப்படி வேலை செய்வார்? நாற்காலி போட்டு ஏறி விளக்கை இறக்கி, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டிப் போனேன்.

கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. உள்ளே தகரம் கொதித்தது. அப்பா ஸ்டூலில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, சும்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தூக்குப்போசி திறக்காமல் இருந்தது. என்னைக் கண்டதும் தூக்கிவாரிப்போட்டாற்போல எழுந்தார்.

"லைட்டு கொண்டாந்தனுங்கப்பா, இருட்டா இருக்குமேன்னு" என்று சொல்லி விளக்கை லேத்தின்மேல் வைத்தேன். வெளிச்சம் விழுந்ததும் எல்லாம் தெரிந்தது. லேத்தின் பாதி உடம்பைச் சாக்கு போட்டு மூடியிருந்தது. மூடாத பாதியில் தூசி படிந்திருந்தது. இரும்பைப் பிடிக்கும் தலையிலிருந்து கைப்பிடி வரைக்கும் ஒரு சிலந்தி நிதானமாக வலை கட்டியிருந்தது. துளைபோடும் மிஷின் இருந்த இடத்தில் நான்கு போல்ட்டு ஓட்டைகள்தான் இருந்தன. கூட வேலை செய்த இரண்டு அண்ணன்களையும் காணோம்.

"அக்காளுக்கு ஒடம்பு செரியில்லைங்களாப்பா?"

"இல்ல சாமி, தூங்குறா. கரண்டு இல்லையில்ல, அதான் நானும் உக்காந்திருக்கேன்" என்றார்.

கரண்ட் இல்லாதது உண்மைதானே. நான் நம்பிவிட்டேன். சிலந்திவலை கட்ட எத்தனை நாளாகும் என்று எங்கள் அறிவியல் புத்தகத்தில் போட்டிருக்கவில்லை. அப்பா விளக்கை அணைத்தார். "பேட்டரி தீந்துபோகும்" என்றார். இருட்டில் இருவரும் கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தோம். தூக்குப்போசியைத் திறந்து எனக்கு இரண்டு வாய் ஊட்டினார். அவர் கையில் எப்போதும் வரும் எண்ணெய் வாசனை வரவில்லை. சோற்று வாசனை மட்டும் வந்தது.

கிளம்பும்போது, "நீ லைட்டத் தூக்கிட்டு இங்க வந்தத அம்மாகிட்டச் சொல்லாத கண்ணு" என்றார்.

அலமாரிமேல் கைவைத்ததற்கு அம்மாவிடம் அடி விழும், அதிலிருந்து அப்பா என்னைக் காப்பாற்றுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். உதட்டின்மேல் விரலை வைத்து, சொல்லமாட்டேன் என்று காட்டினேன். அவரும் விரலை வைத்துக் காட்டினார். அப்பாவும் நானும் சேர்ந்து ஒரு ரகசியம் வைத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை. வாய்க்காலை அன்றைக்கு நான் ஒரே தாண்டாகத் தாண்டினேன். அம்மா வருமுன் விளக்கை அலமாரிமேல் ஏற்றிவிட்டு, வீட்டில் மூச்சுவிடவில்லை.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். விளக்கின் முன்னால் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். பளிச்சென்று எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது.

"அம்மா, வாங்க வாங்க! அப்பா மிஷின் போடறாருங்கம்மா!" என்று குதித்தேன்.

அம்மா கரண்டியோடு வந்தாள். அவள் கண்ணெதிரே மூன்றாவது முறையும் எரிந்தது. மின்விசிறி ஒரு நொடி தளர்ந்து, மறுபடி சுழன்றது. அம்மா விளக்கைப் பார்த்தாள், மின்விசிறியைப் பார்த்தாள், பிறகு ஜன்னல் வழியாக வீதிமுனையைப் பார்த்தாள். டிரான்ஸ்ஃபார்மர் அங்கேயேதான் இருந்தது. அது புதிது, ஆனால் அதிலிருந்து எங்கள் கம்பத்துக்கு வரும் கம்பி அதே பழைய கம்பி. அப்பா மிஷின் போட்டால் விளக்கு இன்றைக்கும் எரியும். மூன்று மாதமாக எரியவில்லை என்றால் மூன்று மாதமாக அவர் மிஷினே போடவில்லை. மின்விசிறி அவ்வளவு வேகமாகச் சுழன்றதில் டிரான்ஸ்ஃபார்மரின் பங்கு கொஞ்சம், அப்பாவின் மோட்டார் நின்றுபோனதன் பங்குதான் அதிகம். அதிகம் படிக்காத அம்மாவுக்கு இதெல்லாம் ஒரு நிமிஷத்தில் விளங்கிவிட்டது.

அடுப்பைக்கூட அணைக்காமல் நடந்தாள். நான் அணைத்துவிட்டுப் பின்னால் ஓடினேன்.

பட்டறை வாசலில் ஒரு லாரி நின்றது. லேத்துக்கு அடியில் இரும்புக் குழாய்களைக் கொடுத்து நான்கு பேர் வெளியே உருட்டத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். லேத்தை மூன்று தடவை ஓட்டிப்பார்த்து வாங்கிக்கொண்ட ஈரோட்டுக்காரர் ஒருவர் நிழலில் நின்று இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பார்த்ததும், "நல்ல மிஷினுங்க. பத்திரமா வெச்சுக்குவனுங்க" என்று மரியாதையாகச் சொன்னார்.

 ஏன் விற்றீர்கள் என்றுகூட அம்மா கேட்கவில்லை. நேரே அப்பாவிடம் போனாள்.

"ஏனுங்க, இத்தன நாளா இந்த இருட்டுக்குள்ள ஒண்டியாவா உக்காந்திருந்தீங்க?"

அப்பா தன்னுடைய கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நானும் வந்து கூட உக்காந்திருப்பனே."

அப்பா தலையை நிமிர்த்தினார். அம்மாவைப் பார்க்க முடியாமல் அவர் கண் என் பக்கம் வந்தது. நான் சொல்லிவிட்டேனோ என்று அப்பா சந்தேகப்படுகிறார் என்று எனக்குத் தோன்றியது. அது அநியாயம். அவருக்குப் புரியட்டும் என்று, எல்லோருக்கும் எதிரிலேயே, உதட்டின்மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

அம்மா திரும்பி என் விரலைப் பார்த்தாள். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. லாரிக்காரர்களுக்கு வழிவிட்டு ஓரமாகப் போய், அப்பா உட்கார்ந்திருந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். சொன்ன சொல் தவறாத பிள்ளை என்று அப்பா என்னை மெச்சுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.