கண்டக்டர் போட்ட ஊரடங்கு

சீசன் டிக்கெட்டில் வரும் பள்ளிக்கூடப் பையன்களால் காசு கிடைக்காது, அதனால்தான் பல்லேகம போகும் கடைசி பஸ்ஸின் கண்டக்டர் அவர்களை இறக்கிவிடுகிறார் என்று, கிளர்ச்சி நடந்த எண்பத்தொன்பதாம் ஆண்டில் நான் நம்பினேன். அவருக்கு வெற்றிலைச் சிவப்பு வாய். அரும்பு மீசையைக் கண்டால் கை ஓங்கிவிடும்.

ஒருநாள் மாலை மாத்தளை டவுனில் என்னோடு ஏறிய என் மகனையே அறைந்து இறக்கினார். பஸ் நகர்ந்துவிட்டது. அவர் சட்டையைப் பிடித்தேன்.

“டவுன்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டு காலையில வரச் சொன்னேன். இந்த வயசுப் பசங்கள பொழுதுபட்டா புடிச்சிக்கிட்டுப் போறாங்கண்ணே. என்னய நாளைக்கு அடிங்க.”

அன்றிரவே மலைப்பாதையில் ரிவர்ஸ்டன் வளைவில் துப்பாக்கிக்காரர்கள் பஸ்ஸை மறித்தார்கள். சண்டியனாகிய நான் சீட்டுக்கடியில் பாய்ந்தேன்; இடுப்பில் கட்டியிருந்த சாரம் அவிழ்ந்து சீட்டின்மேலேயே தங்கிவிட்டது. பையன் ஒருவனும் அகப்படாத ஆத்திரத்தில் கண்டக்டரின் வாயைத் துப்பாக்கிக் கட்டையால் உடைத்து, அவரையே இழுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மகன் வந்து சேர்ந்தான். டிக்கெட் கொடுத்தவர் வேறொருவர்.