ஞானபூரணி டீச்சரின் உள்ளங்கை

நாரணாபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த மிஷன் ஆரம்பப் பள்ளியில், ஞானபூரணி டீச்சர் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் எழுதுவாள். இரண்டு கையும் முந்தானைக்குள் மறைந்திருக்கும். உதடு லேசாக அசையும். டீச்சர் ஜெபம் பண்ணுகிறாள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். தலைமையாசிரியர் தேவாசீர்வாதமும் அப்படியே நினைத்து, பக்தியான பிள்ளை என்று குருவானவரிடம் சொல்லி வைத்திருந்தார்.

ஜெபமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எழுத வேண்டிய வார்த்தையை இடது உள்ளங்கையில் வலது விரலால் ஒருமுறை எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்க்காமல் சாக்பீஸை எடுத்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்யாத தப்பை அவள் கை செய்துவிடும்.

மல்லாங்கிணறில் வளர்ந்தவள் அவள். அப்பா சபையில் உபதேசியார். சாயங்கால ஜெபத்தில் பிள்ளைகள் ஆளுக்கொரு வசனம் வாசிக்க வேண்டும். அண்ணன் மாணிக்கராஜ் மூச்சு விடாமல் வாசித்துவிட்டுத் தங்கையை வேடிக்கை பார்ப்பான். ஞானபூரணியின் முறை வந்தால் எழுத்துகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு நிற்கும். 'கொ' என்று எழுதும்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, அதன் ஓசை மட்டும் பின்னால் வருகிறது. அதில் எதை நம்புவது என்று அவளுக்கு விளங்கவே இல்லை. அப்பா அடித்தும் பார்த்தார், அழுதும் பார்த்தார். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வார்த்தையைத் துண்டு துண்டாக வாய்க்குள் சொல்லி, உள்ளங்கையில் எழுதிப் பார்ப்பது. கண்ணுக்குப் பிடிபடாதது தோலுக்குப் பிடிபட்டது. அந்தக் கையை வைத்துக்கொண்டே விருதுநகரில் ட்ரெயினிங் முடித்து வேலைக்கும் வந்துவிட்டாள். ஆனால் பயம் மட்டும் போகவில்லை. எழுதத் தெரியாதவளை யார் டீச்சராக வைத்திருப்பார்கள்?

இன்றைக்கு இதை டிஸ்லெக்சியா என்கிறோம். ஐம்பதுகளில் அந்தப் பக்கத்தில் இதற்கு இருந்த ஒரே பெயர் மக்கு. அதற்கு வைத்தியமும் ஒன்றுதான், குட்டு. அதைக்கூட வாத்தியார் குட்ட மாட்டார். டிக்டேஷன் முடிந்ததும், தப்பில்லாமல் எழுதிய பிள்ளை வரிசையாகப் போய், தப்புச் செய்தவர்கள் தலையில் குட்டிக்கொண்டே வரவேண்டும். பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளை அவமானப்படுத்துகிற இந்த வழக்கத்தை எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. தேவாசீர்வாதம் அதைப் பரம்பரைச் சொத்துபோலக் காப்பாற்றி வந்தார்.

நாலாம் வகுப்பில் மூக்கம்மாள் என்று ஒரு பெண். இரண்டாவது வருஷமாக அதே வகுப்பு. வாய்க்கணக்கில் புலி. கதை சொன்னால் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொல்வாள். சிலேட்டை எடுத்தால் மட்டும் எல்லாம் போச்சு. ஒருநாள் டிக்டேஷன் முடிந்து, குட்டுகிற பிள்ளை இவள் பக்கம் வருவதற்குள், தன் தலையில் தானே நங்கென்று குட்டிக்கொண்டு, "எனக்கு ஆச்சு, அங்கிட்டுப் போ" என்றாள். வகுப்பு சிரித்தது. என் வகுப்பில் இனிமேல் குட்டு கிடையாது என்று ஞானபூரணி அன்றைக்கே சொல்லிவிட்டாள். தலைமையாசிரியர் இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

குட்டை நிறுத்தியாயிற்று, எழுத்து வர வேண்டுமே. அந்த யோசனையோடு ஒரு சாயங்காலம் மூக்கம்மாள் வீட்டுப் பக்கம் போனாள். அங்கே எல்லா வீட்டிலும் கட்டை அடுக்குகிற வேலை நடக்கும். தீப்பெட்டிக் கம்பெனிக்காரர்கள் மருந்து முக்காத வெறும் குச்சிகளையும் மரச் சட்டங்களையும் கொடுத்துவிட்டுப் போவார்கள். சட்டத்துப் பள்ளங்களில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் சோற்றைத் தின்றதும் தின்னாததுமாக அதில்தான் உட்காரும். ஞானபூரணிக்கு அதைப் பார்த்தாலே வயிறு எரியும். அன்றைக்கும் எரிந்தது. ஆனால் மூக்கம்மாளின் கை ஓடிய வேகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வாயாடிக்கொண்டே, சட்டத்தின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு குச்சி பிசகவில்லை.

இவளுக்கும் என்னைப்போலக் கைதான் கண் என்று ஞானபூரணி நினைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அந்தத் தெருவில் நடந்ததே இல்லை.

மறுநாளிலிருந்து பள்ளி விட்டபிறகு, மக்கு என்று பேர் வாங்கிய பிள்ளைகளையெல்லாம் வேப்பமரத்தடியில் உட்கார வைத்தாள். உடைந்து கழிந்த குச்சிகளை ஒரு பெட்டி நிறைய வாங்கி வைத்திருந்தாள். ட, ப, ம போன்ற எழுத்துகளைக் குச்சியால் அடுக்கினார்கள். வளைகிற எழுத்துகளுக்குப் புளியங்கொட்டை. அந்தக் காலத்து 'லை'க்கு யானைத் தும்பிக்கைபோல ஒரு சுழி உண்டு, அதற்கு நூல். முதலில் வாயால் ஓசை சொல்ல வேண்டும், பிறகு எழுத்தை அடுக்க வேண்டும், பிறகு கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்க்க வேண்டும். அது கைக்குப் பழகியபின் உள்ளங்கை, அதற்குப் பிறகே சிலேட்டு. நீளமான வார்த்தையைக் கை தட்டித் துண்டு போட்டார்கள். தப்பு வந்தால் அழிக்கக் கூடாது. எங்கே தப்பு என்று தேடிக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்குக் கைநிறைய வறுத்த கடலை. சரியாக எழுதினாலும் அதே கடலைதான் என்பதால் தப்பைப் பார்த்து யாரும் நடுங்கவில்லை. ஐப்பசி பிறப்பதற்குள் மூக்கம்மாள் சின்னச் சின்ன வார்த்தைகளைத் துணிந்து எழுத ஆரம்பித்தாள்.

அங்கேதான் வினை வந்தது. வேப்பமரத்தடியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து குச்சி அடுக்குவதைத் தெருவில் போகிறவர்கள் பார்த்தார்கள். வேறு ஊராக இருந்தால் விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். இந்த ஊரில் குச்சி என்றால் கூலி. டீச்சர் ஏதோ கம்பெனியில் ஆர்டர் பிடித்து, பிள்ளைகளைச் சும்மா உழைக்க வைக்கிறாள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. அந்த வாரமே மூக்கம்மாள் பள்ளிக்கு வரவில்லை. ஞானபூரணி தேடிப் போனாள். பகலில் தீப்பெட்டிக் கம்பெனிக்கும் போய்வருகிற தாய் வெள்ளைத்தாய் வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"எந்தக் கம்பெனி ஆர்டர் டீச்சர்? அதை மட்டும் சொல்லிருங்க."

"ஆர்டரும் இல்ல, ஒண்ணும் இல்ல வெள்ளைத்தாயக்கா. எழுத்துப் பழக்குறேன்."

"எழுத்துக்குக் குச்சி எதுக்கு? நாங்க குச்சியப் பாக்காதவுகளா? சீசன் நேரத்துல அம்புட்டுப் பிள்ளைகளையும் அங்கன உக்கார வச்சுக்கிட்டீக. அடுக்குறதுதான் அடுக்குறா, எங்கூட இருந்து அடுக்கட்டும். கூலியாச்சும் வரும்."

ஞானபூரணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உள்ளே மூக்கம்மாள் சட்டத்தின் மேல் குனிந்திருந்தாள். இப்போது விட்டால் இந்தப் பிள்ளை இனி அங்கிருந்து நிமிராது என்று டீச்சருக்குத் தெரிந்தது. டீச்சரானபின் அண்ணனிடம்கூடச் சொல்லாத ஒன்றை வாசலில் நின்றபடி சொன்னாள்.

"எனக்கும் எழுத வராதுக்கா."

"ஆருக்கு? டீச்சருக்கா?"

"எனக்குத்தான். உங்க மக மாதிரியேதான் இருந்தேன். கையில எழுதிப் பாத்துத்தான் போர்டுல எழுதுறேன். கையக் குடுங்க."

வெள்ளைத்தாயின் காய்ந்த உள்ளங்கையில் மூக்கம்மாள் பெயரை மெல்ல எழுதிக் காட்டினாள். வெள்ளைத்தாய் கூச்சம் தாங்காமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"பிள்ளைகளச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருவாருல்ல, அதுவரைக்கும் வரட்டும். அவரு இவ தேறிட்டான்னு சொன்னா அஞ்சாப்புக்கு அனுப்புறேன். இல்லேன்னா கம்பெனிக்குத்தான். இருக்கன்குடித் தாய் மேல ஆணை. அப்புறம் வந்து கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்" என்றாள் ஞானபூரணி. வீடு திரும்பும் வழியெல்லாம், என் ரகசியம் இவள் வாயில் எத்தனை நாள் தங்குமோ என்று மனசு அடித்துக்கொண்டது.

இன்ஸ்பெக்டர் மாசி மாதம் வந்தார். பிள்ளைகள் எண்ணெய் வழிய வழியத் தலை சீவி வந்திருந்தார்கள். வெள்ளைத்தாய் கம்பெனிக்குப் போகிற வழியில், தூக்குவாளியோடு சன்னலுக்கு வெளியே நின்றுகொண்டாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்காராமல், பிள்ளைகளுக்கு நடுவில் நடந்துகொண்டே டிக்டேஷன் சொன்னார். மூக்கம்மாள் வழக்கம்போல உள்ளங்கையில் விரலை ஓட்டினாள். அவர் சட்டென்று நின்றார்.

"கையில என்ன எழுதி வச்சிருக்க? காட்டு."

மூக்கம்மாள் கையை விரித்தாள். வெறும் கை. அவர் திருப்பிப் பார்த்தார், மறுகையையும் பார்த்தார். ஒன்றும் இல்லை.

"பின்ன எதுக்குக் கையப் பாக்குற? இந்தச் சேட்டையெல்லாம் கூடாது. சிலேட்டைப் பாத்து எழுது."

அவர் அடுத்த வார்த்தையைச் சொன்னார். மூக்கம்மாள் எழுதவில்லை. பலப்பம் சிலேட்டின் மேல் அப்படியே நின்றது. சன்னலுக்கு வெளியே வெள்ளைத்தாய் தூக்குவாளியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினாள். ஞானபூரணி பேசாமல் இருந்துவிடலாம். இருந்துவிட்டால் வேலை மிஞ்சும், மானம் மிஞ்சும், பிள்ளை போய்விடும். அவள் எழுந்து கரும்பலகைக்கு முன்னால் வந்தாள்.

"சார், இவுங்களுக்குச் சொல்லாத வார்த்தை ஒண்ணு எனக்குச் சொல்லுங்க. கஷ்டமானதா."

இன்ஸ்பெக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சர்க்கார் காகிதங்களில் வருகிற, வாயில் நுழையாத நீள வார்த்தை ஒன்றைச் சொன்னார். ஞானபூரணி முந்தானையை இடுப்பில் செருகினாள். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இடது கையை விரித்து, துண்டு துண்டாக உரக்கச் சொல்லி, விரலால் எழுதினாள். பிறகு திரும்பிப் பலகையில் எழுதினாள். சரியாக இருந்தது.

"எனக்கு இப்படி எழுதினாத்தான் வரும் சார். சின்னதுலேர்ந்தே அப்படித்தான். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான். அது சேட்டை இல்ல."

தேவாசீர்வாதம் தரையைப் பார்த்தார். இத்தனை வருஷம் தான் ஜெபம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் பலகையை ஒருமுறை பார்த்தார், டீச்சரை ஒருமுறை பார்த்தார்.

"எத்தனை வருஷமா இங்க வேலை பாக்குறீங்க?"

"ஆறு வருசமா சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுதட்டும்" என்றார்.

மூக்கம்மாள் உள்ளங்கையை விரித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பிள்ளைகள், அதுவரை பெஞ்சுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த கைகளை மேலே எடுத்தார்கள். அந்தப் பள்ளியில் அறுபதுகளின் கடைசிவரை அந்தப் பழக்கம் இருந்தது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பிள்ளைகளுக்குச் சிரங்கோ என்று சந்தேகப்பட்டதும் உண்டு. அன்றைக்கு அதற்குமேல் யாரும் சந்தேகப்படவில்லை. இன்ஸ்பெக்டர் நிதானமாக, ஒவ்வொரு வார்த்தைக்கும் நேரம் கொடுத்துச் சொன்னார்.

முடிந்ததும் மூக்கம்மாளின் சிலேட்டுக்குக் கை நீட்டினார். அவள் கொடுத்துக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு தப்பு இருக்கு சார்."

"யார் சொன்னா?"

"எனக்கே தெரியும் சார். ஒண்ணு இங்கன, கொம்பை விட்டுட்டேன். இன்னொண்ணு இந்தா, இது. தப்புன்னு தெரியுது, எங்கன தப்புன்னு தெரியல. நாளைக்குக் கண்டுபிடிச்சுருவேன்."

இன்ஸ்பெக்டர் சிலேட்டை மேலிருந்து கீழே பார்த்தார். அவள் காட்டிய இரண்டைத் தவிர வேறு தப்பு இல்லை.

"தன் தப்பைத் தானே காட்டுற பிள்ளைய நான் பாத்ததே இல்ல" என்றார். பிறகு தலைமையாசிரியரிடம் திரும்பி, "இவளை அஞ்சாம் வகுப்புல போடுங்க" என்றார்.

ஞானபூரணி பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் தானாக வந்தது. துடைக்கவும் இல்லை. தேவாசீர்வாதம் சன்னல் பக்கம் போனார்.

"தேறிட்டாம்மா உம் மக. நீ கெளம்பு, கம்பெனிக்கு நேரமாகலையா?"

வெள்ளைத்தாய் தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"நாளைக்கு எதுக்குடி? அந்த இன்னொரு தப்பையும் இன்னைக்கே கண்டுபிடி. நான் நிக்கேன்."