மந்தை விளக்குக்குச் சாட்சி சொன்னவர்

எங்கள் வேலமரத்துப்புதூருக்குத் தெருவிளக்கு வந்த கதையை யூனியன் போர்டு வெளியிட்ட மலரில் நான்கே வரியில் முடித்துவிட்டார்கள். எந்த வருஷம் எத்தனை கம்பம், எந்தத் தலைவர் தொடங்கி வைத்தார் என்பதெல்லாம் இருக்கிறது. தினமும் ஏறி விளக்கேற்றியவர் பெயர் மட்டும் இல்லை. அவர் பெயர் கருப்பண்ணன். நான் அந்த யூனியன் போர்டில் குமாஸ்தாவாக இருந்த அருணகிரி. அவருக்கு நான் செய்ததைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

சேலம் டவுனை ஒட்டிய ஊர் எங்களுடையது. 1922இல் பத்தொன்பது கம்பங்கள் நட்டோம். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சீமெண்ணெய் டின் மாட்டு வண்டியில் வரும். பொழுது சாயும் முன்பே கருப்பண்ணன் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஏணியைச் சாத்தி ஏற வேண்டும், திரியைக் கத்தரிக்க வேண்டும், எண்ணெய் ஊற்றி ஏற்றிவிட்டு இறங்க வேண்டும். இப்படிப் பத்தொன்பது தடவை. காலையில் கரி பிடித்த சிம்னிகளைத் துடைக்க மறுபடியும் அதே நடை. நாற்பது வயதிலேயே முழங்கால் போய்விட்டது. "அலுப்பா இருக்குதுங்க" என்பார். அதற்கு மேல் அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

கடைசிக் கம்பம் மந்தையில் இருந்தது. ஊருக்குக் கிழக்கே ஆறு ஏக்கர் திறந்தவெளி, கொழுக்கட்டைப் புல், நான்கைந்து வேலமரம். யார் வீட்டு ஆடுமாடும் அங்கே மேயலாம். கருப்பண்ணன் மனைவி பழனியம்மாள் ஐந்து வெள்ளாடு வைத்திருந்தார். போர்டு சம்பளம் அரை வயிற்றுக்குத்தான் காணும். மீதி அரை வயிறு அந்த ஆடுகளால் நிறைந்தது.

போர்டில் ஒரு விதி உண்டு. வளர்பிறை எட்டாம் நாளிலிருந்து பௌர்ணமி வரை விளக்குக்கு எண்ணெய் கிடையாது. நிலா இருக்கும்போது எண்ணெய் எதற்கு என்பது மேலிடத்துக் கணக்கு. மேலிடத்தில் இருப்பவர்களுக்கு ஐப்பசி மேகம் எங்கே தெரியப்போகிறது? அப்படி ஒரு வளர்பிறையில், மேகம் மூடி ஒன்றும் தெரியாத சாயங்காலத்தில், காட்டு வேலை முடிந்து வந்த பொன்னாயி என்ற பெண் மந்தையோரத்துக் கிணற்றில் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டாள். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை.

மறுநாள் கருப்பண்ணன் பெரிய பண்ணைக்காரரான சென்னிமலைக் கவுண்டரின் வாசலில் போய் நின்றார். போர்டு கொடுக்காத நாட்களில் மந்தை விளக்குக்கு மட்டும் எண்ணெய் வேண்டும் என்று கேட்டார். கவுண்டர் மறுபேச்சுப் பேசவில்லை. அன்று முதல் மாதம் தவறாமல் ஒரு போத்தல் எண்ணெய் வந்தது. ஆறு வருஷம் வந்தது.

1933இல் சர்வே நடந்தது. மந்தையைப் புறம்போக்கு என்று எழுதிப் போர்டு பொறுப்பில் விட்டார்கள். அது தன் பாட்டன் மாடு மேய விட்டுவைத்த பூமி என்று கவுண்டர் முன்சீப் கோர்ட்டுக்குப் போனார். கவுண்டர் ஜெயித்தால் வேலி போடுவார், நம் ஆடுமாடு தெருவில் நிற்கும் என்று ஊர் முழுக்கப் பேச்சு. அந்தப் பயத்தைக் கிளப்பியதில் எனக்கும் பங்கு உண்டு.

போர்டு வக்கீலுக்கு இருந்த ஒரே பிடி அந்த விளக்குதான். பதினோரு வருஷமாகப் போர்டு கம்பத்தில் போர்டு எண்ணெய் எரிகிறது, ஆகவே இடம் போர்டுடையது என்றார். எண்ணெய் நாங்களும் கொடுத்தோம், எங்கள் தயவில் நிற்கிற கம்பம் அது என்றது கவுண்டர் தரப்பு. உண்மை தெரிந்த ஒரே சாட்சி கருப்பண்ணன்.

கவுண்டர் எண்ணெய் கொடுக்கவில்லை என்று சொல்லிவிடும்படி நான்தான் அவரிடம் சொன்னேன். கை நீட்டி வாங்கியது தானாயிற்றே என்றார். மந்தை பொதுவுக்கு நிற்க வேண்டும், பழனியம்மாளின் ஆடுகளை நினைத்துக்கொள் என்றேன். அதற்கு மேல் அவரால் பேச முடியாது என்று தெரிந்தேதான் அப்படிச் சொன்னேன்.

கோர்ட்டில் சத்தியம் வாங்கினார்கள். எதிரே பெஞ்சில் கவுண்டர் உட்கார்ந்திருந்தார். வக்கீல் கேட்டார்.

"அவுரு குடுக்கலீங்க," என்றார் கருப்பண்ணன். "பூராவும் போர்டு எண்ணெதானுங்க."

கவுண்டர் தலையைக் குனிந்துகொண்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை என்று எனக்குப் பட்டது.

போர்டு ஜெயித்தது. புதூரில் வெடி போட்டார்கள். கருப்பண்ணன் வெளியே வரவில்லை, உடம்பு சரியில்லை என்று படுத்துக்கொண்டார்.

ஆறு மாதத்தில் போர்டு மந்தைக்கு முள்வேலி போட்டது. இனி புல்லை வருஷாவருஷம் ஏலம் விடுவது என்று தீர்மானம். குத்தகைதாரரின் சொந்த ஆடுமாடு தவிர வேறெதுவும் உள்ளே வரக்கூடாது, உள்குத்தகையும் விடக்கூடாது என்று நிபந்தனை. தெருக்காரர்களில் யாருக்கு ஏலம் கேட்கத் தெம்பு இருந்தது? பாட்டன் பூமி இன்னொருவன் கைக்குப் போகக்கூடாது என்ற வீம்பில் கவுண்டரே எடுத்தார். அடுத்த வாரம் வேலிக்குள் நுழைந்த பழனியம்மாளின் ஐந்து ஆட்டையும் போர்டு பியூன் பிடித்துப்போய்ப் பவுண்டுப் பட்டியில் அடைத்தான்.

கருப்பண்ணன் மறுபடியும் கவுண்டர் வாசலுக்குப் போனார். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன். கவுண்டர் எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை.

"நான் வேலி போடுவன்னு உனக்கு ஆரு சொன்னது, கருப்பண்ணா? எங்க பாட்டன் காலத்துல இருந்து ஒரு ஆட்டை வெரட்டியிருக்கறமா?" என்றார். "இப்ப நான் உட்டாலும் போர்டு உடாது. காயிதத்துல எழுதிப்போட்டாங்க."

கருப்பண்ணன் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். அபராதம் கட்டி மீட்ட அன்றே பழனியம்மாள் ஆடுகளைச் சந்தையில் விற்றுவிட்டார். வைத்துக்கொண்டு எங்கே மேய்ப்பது?

அதற்கு முன், கவுண்டர் வீட்டிலிருந்து வரும் வழியில் கருப்பண்ணன் நின்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மந்தை பொதுவுக்குன்னுதான் கோர்ட்டுல அப்படிச் சொல்லச் சொன்னீங்க, சொன்னனுங்க. அந்தப் பொதுவுல நாங்க சேத்தி இல்லீங்களா, சாமி?"

எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு நான்கு வருஷம் விளக்கேற்றினார். 1938இல் மின்சாரக் கம்பம் வந்ததும் போர்டு அவரை நிறுத்திவிட்டது. 1941இல் செத்துப்போனார். அதுவரை வழியில் பார்த்தபோதெல்லாம் என்னைக் கும்பிட்டார். மந்தைக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று அந்தக் காகிதத்தை எழுதியது நான்தான் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.