அரைஞாண் கயிற்றில் கோத்த மீன்

திருவானைக்காவல் சிவசங்கர் கொள்ளிடத்தில் மூழ்கி, ஈட்டியால் மீன் குத்துகிறவர். ஒரு ஈட்டி, ஒரு கண்ணாடி, ஒரு கோவணம். அதற்கு மேல் சாமான் வைத்திருப்பவன் மூட்டை தூக்கத்தான் லாயக்கு என்பது அவர் கொள்கை. குத்திய மீனைக்கூட அரைஞாண் கயிற்றில்தான் கோத்துக்கொள்வார்.

மனைவியின் ஊரான கோட்டைப்பட்டினத்தில், மச்சான் காத்தலிங்கம் குடும்பத்தோடு அவரையும் கடலுக்குப் படகில் ஏற்றிப்போனபோதே சொன்னார்: "கடல்ல மீனை இடுப்புல கட்டாதீங்க மாப்ள. ரத்தத்துக்குச் சுறா வரும்."

"ஆத்துல முதலையவே பாத்தவன் நான்" என்று குதித்தார் சிவசங்கர்.

சுறாவுக்கு அந்த வரலாறு தெரியவில்லை. இடுப்பில் கோத்திருந்த மீனைப் பார்த்து நேராக வந்தது. உயிர்தான் பெரிதென்று ஈட்டி முனையால் கயிற்றை அறுத்து வீசினார். மீன் போயிற்று. அதே கயிறு தாங்கியிருந்த கோவணமும் கூடவே போயிற்று.

படகின் விளிம்பைப் பிடித்துத் தொங்கினார். மேலே மனைவி ஜோதியும் அவள் சித்திகள் இருவரும். கீழே சுறா.

"மச்சான், துண்டு குடுங்க!"

"எதுக்கு மாப்ள? சாமான் கூடிப்போயிடுமே!"

சுறா மறுபடி திரும்பியது. சிவசங்கர் அப்படியே ஏறிவிட்டார். சித்திகள் அடிவானத்தை வெகு அக்கறையாகப் பார்த்தார்கள்.

இப்போது அவர் கொள்ளிடத்துக்குப் பையோடுதான் போகிறார். ஜோதி தைத்துக் கொடுத்தது. உள்ளே இரண்டு மாற்றுக் கோவணம்.