பியூலா நகர்த்தாத கோடு

செவ்வாய்க்கிழமை காலை மேடவாக்கத்தில் பேருந்து நகராமல் நின்றிருந்தபோது பியூலாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. “பத்து நிமிஷத்துல வந்துடுவேன் பியூலா” என்றேன். ஓர் ஆண்குரல், “நான் அவ அண்ணன் பேசறேன் சார். காலைல அவ எழுந்திரிக்கல” என்றது. மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள்.

எங்கள் அலுவலகம் சிறியது. செயற்கைக்கோள் படங்களைக் கணினியில் விரித்து, ஏரி, தெரு, கால்வாய் என்று வரைபடமாக்குவது வேலை. பதினோரு வருடம் நானும் பியூலாவும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. சேர்ந்த புதிதில், படத்தில் பச்சையாகத் தெரிந்த ஓர் இடத்தை மைதானம் என்று குறித்துவிட்டேன். அவர் மதியம் என்னை அங்கே அழைத்துப்போனார். ஆகாயத்தாமரை மூடிய ஏரி. “இறங்கி ஆடுங்க சரவணன், நான் பௌலிங் போடறேன்” என்று கரையில் நின்று சிரித்தார்.

உங்களில் பலர் அவரை முடிச்சூர் வரைபடத்தால் அறிவீர்கள். 2015 சென்னை வெள்ளம் வடிந்தபின், தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டும் படம் கேட்டார்கள் அரசு அதிகாரிகள். நிலத்தின் உயரத்தை வைத்துக் கணினி ஒரு கோடு போட்டது. பியூலாவுக்கு அது போதவில்லை. டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், சுவரில் சேறு விட்ட கறையை அளந்தார். கணினிக் கோட்டுக்கு வெளியே இருந்த அவருடைய குடும்ப வீடு, அவர் அளந்து போட்ட கோட்டுக்குள் வந்துவிட்டது.

அந்த வீட்டுக்கு வெள்ளையடித்து, விற்கப் பேசி முடித்திருந்தார் அண்ணன். புதுக் கோட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு நேராக அலுவலகத்துக்கே வந்தார்.

“கம்ப்யூட்டரே நம்ம வீட்ட வெளியதான காட்டுது? கோட்டுக்கு மூணு மீட்டர் தள்ளி. அப்படியே விடேன்மா.”

“நம்ம சுவத்துல இடுப்பளவு கறை இருந்துச்சேண்ணா. வாங்கறவங்க குழந்தைங்க கீழ் ரூம்லதான தூங்கும்?”

“இனி எனக்குத் தங்கச்சி இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார் அவர்.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நானும் அன்று அண்ணன் பக்கம்தான் பேசினேன். “மூணு மீட்டர்தானே பியூலா, எல்லா மேப்லயும் அவ்வளவு பிழை இருக்கும்.” அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “பிழைன்னா தெரியாம வரணும் சரவணன்” என்றார்.

கோடு அப்படியே போனது. விற்பனை நின்றது. நான்கு வருடம் அண்ணன் பேசவில்லை. கிறிஸ்துமஸ் தோறும் கேக் செய்து கொண்டுபோய், கேட்டிலேயே அண்ணியிடம் கொடுத்துவிட்டுத் திரும்புவார் பியூலா.

பிறகொரு மழையில், அந்த வரைபடத்தைப் பார்த்துக் கீழ்த்தளங்களில் இருந்தவர்களை முன்னதாகவே மாற்றினார்கள். மதியம் பியூலாவின் ஃபோன் அடித்தது. ஸ்பீக்கரில் அண்ணன் குரல் எனக்கும் கேட்டது. “நம்ம வீட்ல கீழ குடியிருக்கறவங்கள மாடிக்கு ஏத்திட்டேன். தண்ணி உள்ள வந்துடுச்சு. நீ பத்திரமா இரும்மா.” “சரிண்ணா” என்று வைத்துவிட்டு, மேஜைமேல் தலை கவிழ்ந்து அழுதார். கோடு சரியாக வந்ததில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை.

தாம்பரம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்து எல்லாரும் கலைந்தபின்னும் அண்ணன் நகரவில்லை. “நாலு வருஷத்த வீணாக்கிட்டேன் சார்” என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பியூலாவின் கோப்புகள் இப்போது என் பொறுப்பில். முடிச்சூர் கோப்பில், அளந்த ஒவ்வொரு புள்ளிக்கும் யாரும் கேட்காத ஒரு கட்டத்தைச் சேர்த்து வைத்திருக்கிறார்: ‘கறையைக் காட்டியவர்’. கீரை விற்கும் மல்லிகாம்மா. சைக்கிள் கடை பாய். மாடி வீட்டு டீச்சர். பியூலாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தக் கட்டம்தான். நேற்று வேறொரு தெருவில் அளக்கப் போனபோது, ஓர் அம்மா சுவரில் உள்ளங்கையை வைத்து, “இதோ, இதுவரைக்கும்” என்றார். முதலில் அவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பிறகுதான் டேப்பை விரித்தேன்.