யாரும் எழுதித் தராத ஒரு வரி

முதலில் அது மைக்கின் முன்னால்தான் தெரிந்தது. புரட்டாசி சனிக்கிழமைக்கு, எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயிலுக்கு விடும் சிறப்புப் பேருந்துகளைப் பற்றிய அறிவிப்பு. ‘சிறப்பு’ என்று தொடங்கியதும் குரல் பிசிறி, பிறகு வெறும் காற்றுதான் வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வாசித்தேன். அதே இடத்தில் மறுபடியும் காற்று.

“அக்கா, ஐஸ் கீஸ் சாப்ட்டியளா?” என்றார் ஒலிப்பதிவு செய்பவர்.

எனக்கு ஐம்பத்து நான்கு வயது. வானொலியில் தற்காலிக அறிவிப்பாளராக ஆரம்பித்து, பத்து வருடம் சென்னையில் தொடர்களுக்கு டப்பிங் பேசி, பிறகு சொந்த ஊரான ஸ்ரீவில்லிபுத்தூருக்கே திரும்பி வந்தேன். ராஜபாளையத்தில் ஒரு உள்ளூர் தொலைக்காட்சிக்கு அறிவிப்பும் விளம்பரமும் பேசினேன். அங்கேயும் குரல் மட்டும்தான், முகம் கிடையாது. கடைத்தெருவில் நான் வாயைத் திறந்த பிறகுதான் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

மூன்றாவது வாரம் ராஜபாளையத்தில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். லாரிங்கோஸ்கோபி (மெல்லிய கேமராக் குழாயை விட்டுக் குரல்வளையைப் பார்ப்பது) செய்தார். குரல்நாண் ஒன்றில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. பயாப்ஸி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) முடிவு வந்ததும் என்னையும் என் கணவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“புற்றுதான். ஆனா ஆரம்ப நிலை. குரலையே எடுக்க வேண்டியதில்ல, ரேடியேஷன் போதும். மூணு வாரத்துலயே வந்துட்டீங்க பாருங்க, அதான் உங்களக் காப்பாத்துச்சு.”

“நான் வெத்தல பாக்குகூடப் போட மாட்டேனே டாக்டர்” என்றேன்.

“போடாதவங்களுக்கும் வரும்மா” என்றார்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது குரல் மூன்று வாரத்துக்கு மேல் கட்டியிருந்தால், தயவுசெய்து இங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

ரேடியேஷன் (கதிர்வீச்சுச் சிகிச்சை) மதுரையில். ஆறு வாரம், சனி ஞாயிறு தவிர தினமும். வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி, என் முகத்தின் அச்சிலேயே ஒரு மூடி செய்தார்கள். அதைப் போட்டு மேசையோடு பூட்டிவிடுவார்கள். அசையக் கூடாது. நான் உள்ளே முப்பது முப்பது விநாடியாக எண்ணிக்கொண்டு கிடப்பேன். விளம்பரத்தின் அளவு அது; எனக்குத் தெரிந்த காலக் கணக்கு அதுதான்.

காவல்துறையில் ஓய்வுபெற்ற என் கணவர் முதல் இரண்டு நாள் கூட வந்தார். முழங்கால் வலியில் அவரால் முடியவில்லை. மூன்றாம் நாளிலிருந்து தனியாகப் போனேன். ராஜபாளையத்திலிருந்து வரும் மதுரை பஸ்ஸில் அன்று ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். மறுநாளிலிருந்து எனக்காகத் துண்டு போட்டு இடம் பிடித்தே வைத்திருந்தாள்.

அவள் பெயர் தாயம்மாள். தேவதானத்தில் விவசாயம். ஜன்னலோரத்தில் அவள் கணவர் குருவையா. அவர் கழுத்தில் ஸ்டோமா (மூச்சு விடுவதற்காகக் கழுத்தில் வைக்கும் துளை) இருந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அவருக்கும் அதே ஆஸ்பத்திரியில் ரேடியேஷன். சொல்ல வேண்டியதையெல்லாம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதுவார். தாயம்மாளுக்கு எழுத்து தெரியாது. கண்டக்டரோ பக்கத்து ஆளோ அவளுக்குப் படித்துச் சொல்ல வேண்டும்.

எனக்கும் அதிகம் பேசக் கூடாது என்று உத்தரவு. அவள் பேச, நான் தலையாட்டிக்கொண்டு வந்தேன். கிருஷ்ணன்கோவில் தாண்டும்போது அவள் அதைச் சொன்னாள்.

“ஆரம்பத்துல இவுகளுக்குத் தொண்டதான்க்கா கட்டுச்சு. ஆஸ்பத்திரிக்கு வாங்கன்னு நான் எம்புட்டோ கூப்புட்டேன். டிவில தொண்டைக்குன்னு அந்தச் சூரணம் விளம்பரம் வரும்லா? கடைசில அந்தம்மா சொல்லும், ‘நானும் சாப்பிடுகிறேன், என் குரலே சாட்சி’ன்னு. ‘அம்புட்டுத் தெளிவாப் பேசுற பொம்பள பொய்யா சொல்லும்’னு கேட்டாக. எட்டு மாசம் சாப்ட்டாகக்கா.”

நான் தலையாட்டுவதை நிறுத்திவிட்டேன்.

“வையவும் மனசு வரல” என்றாள் தாயம்மாள். “அந்தம்மா என்ன செய்யும் பாவம், நல்லதுன்னு நெனச்சுத்தான் சொல்லிருக்கும். நீங்க என்ன வேல பாத்தியக்கா?”

“டியூஷன் எடுத்தேன்” என்று கிசுகிசுத்தேன்.

அந்த விளம்பரத்தைப் பேசியது நான். அது மட்டும் என்றால், எழுதிக் கொடுத்ததை வாசித்தேன் என்று தப்பித்துக்கொள்ளலாம். அன்று இரவு என் கணவரும் அதைத்தான் சொன்னார். “கம்பெனிக்காரன் எழுதிக் குடுத்தத வாசிச்ச. உம்மேல என்ன தப்பு?” ஆனால் அந்தக் கடைசி வரியை யாரும் எழுதித் தரவில்லை.

எழுதிக் கொடுத்தது இருபத்தைந்து விநாடியில் முடிந்துவிட்டது. ஐந்து விநாடி காலி. காலி விநாடியை விட்டுவைப்பது எங்கள் தொழிலில் ஆகாது. டப்பிங்கில் வசனம் முடிந்த பிறகும் நடிகையின் வாய் அசைந்தால், எதையாவது போட்டு நிரப்புவோம். அந்தப் பழக்கத்தில், யாரையும் கேட்காமல், நானாகச் சொன்ன வரி அது. ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்கும் இனித்தது.

அந்தச் சூரணத்தில் ஒரு சிட்டிகைகூட நான் தின்றதில்லை. கம்பெனி கொடுத்த டப்பா, மூடி திறக்காமல் அடுப்படி அலமாரியில் இருந்தது. என் குரல் கட்டியபோது என் கை அந்தப் பக்கம் போகவே இல்லை. நான் மருத்துவரைத் தேடி ஓடினேன். ‘அதான் உங்களக் காப்பாத்துச்சு’ என்று அவர் பாராட்டியதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பிறகு வந்த ஐந்து வாரமும் தாயம்மாள் எனக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தாள். என் கழுத்துத் தோல் கறுத்து உரிந்தபோது, ஆஸ்பத்திரியில் சொல்லாத எதையும் தடவ வேண்டாம் என்று அக்கறையாக எச்சரித்தாள். எச்சில் விழுங்க முடியாத நாட்களில் ஃபிளாஸ்கில் எனக்கும் சேர்த்துக் கஞ்சி கொண்டுவந்தாள். வேறு பஸ்ஸில் போகலாம் என்று இரண்டு முறை நினைத்தேன். போகவில்லை. தைரியத்தால் அல்ல, அவள் தேடுவாளே என்ற பயத்தால்.

என் கடைசி நாளன்று, திரும்பி வரும் பஸ்ஸில் குருவையாவின் நோட்டைக் கைநீட்டிக் கேட்டேன். எழுதினேன். அந்தக் குரல் நான்தான். கடைசி வரியை நானாகச் சேர்த்தேன். நான் அதைச் சாப்பிட்டதே இல்லை. என்னை மன்னியுங்கள்.

அவர் இரண்டு தரம் படித்தார். கழுத்துத் துளையில் மூச்சு சீறும் சத்தம் கேட்டது.

“என்ன எழுதிருக்காக?” என்றாள் தாயம்மாள்.

ஒன்றுமில்லை என்று அவளிடம் கையை ஆட்டினார். அந்தத் தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பிறகு புதுப் பக்கத்தில் எழுதி என்னிடம் நீட்டினார்.

“அது இன்னும் ஓடுது. நேத்துக்கூடக் கேட்டேன். மொதல்ல அத நிறுத்தச் சொல்லுங்க.”

ஐந்து வாரமாக என் வெட்கத்தையே கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். விளம்பரம் இன்னும் ஓடுகிறதே, இன்னொருவர் கேட்டுக்கொண்டிருப்பாரே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் இறங்கும்வரை என்னைப் பார்க்கவில்லை. தாயம்மாள்தான் “ஒடம்பப் பாத்துக்கோங்கக்கா” என்று கையைப் பிடித்தாள்.

மறுநாளே போய்ச் சொல்லித் தொலைக்காட்சியில் நிறுத்த வைத்தேன். கம்பெனிக்கும் எழுதினேன். பதில் இல்லை.

நான்கு மாதத்தில் எனக்கு ஒரு குரல் வந்தது. கொட்டாங்கச்சியைத் தரையில் தேய்க்கிற மாதிரியான குரல். கட்டி இல்லை என்று மருத்துவர் சொன்னார். பரிசோதனை முடிந்து வெளியே வந்த அன்றைக்கு, ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று நின்றது. அதிலிருந்து நான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன்.

“ஏன்மா, என்ன விசயம்?” என்றார் டிரைவர்.

“இதுல பேசுறது நான்தான். அது பொய். நான் அதச் சாப்ட்டதே இல்ல.”

டீக்கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். டிரைவர் சிரிக்கவில்லை.

“அந்தம்மா குரல் எங்க, உங்க குரல் எங்க? வெயில்ல வந்தியளாம்மா? செத்த நேரம் நெழல்ல உக்காருங்க” என்று தண்ணீர் பாட்டிலை நீட்டினார். பையிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுப்பதற்குள், எனக்காக ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வண்டியை நகர்த்திவிட்டார்.

அடுத்த தெருவில் அது மறுபடி ஆரம்பித்தது. முப்பது விநாடி எவ்வளவு நீளம் என்று என் உடம்புக்குத் தெரியும். எண்ணிக்கொண்டே நின்றேன். இருபத்தைந்து. தெளிவாக, பிசிறில்லாமல், என் குரலே சாட்சி என்றது அது. அதை மறுத்துச் சொல்ல என்னிடம் மிச்சமிருப்பது இந்தக் குரல்தான். ஆட்டோ போன பக்கமாக நடக்க ஆரம்பித்தேன்.