இடுப்புக்குள் வீங்கிய ரத்தக்குழாய்

முதலில் வந்தது இடுப்பில் மந்தமான ஒரு வலி. கடலூர் முதுநகரில் மீன்வலைக் கடை வைத்திருக்கிறேன். வலைக்கட்டுகளைத் தூக்கி இறக்குவதால் வந்தது என்று தைலம் தேய்த்துவந்தேன். மகள் ஜெனியின் கல்யாணப் பத்திரிகை வைக்கச் சிதம்பரம் போயிருந்தபோது வலி அதிகமானது. சிறுநீரகக் கல்லாக இருக்கும் என்று மச்சான் ஸ்கேன் எடுக்க அழைத்துப்போனார்.

ஸ்கேன் பார்த்த டாக்டர் கருவியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். பிறகு, "கல்லு எதுவும் இல்லைங்க. ரத்தக்குழாய் வீங்கியிருக்கு" என்றார்.

இலியாக் அனியூரிசம் (பெருந்தமனி கால்களுக்காக இரண்டாகப் பிரியும் கிளையில் சுவர் பலமிழந்து உப்புவது). எனக்கு இரண்டு பக்கமும் இருந்தது.

"அடுத்த மாசம் பொண்ணுக்குக் கல்யாணம். முடிச்சிட்டு வரட்டுமா?" என்று அறுவை சிகிச்சை நிபுணரிடம் கேட்டேன்.

"வெடிச்சா ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்கே நேரம் இருக்காது" என்றார் அவர்.

என் மனைவி ஸ்டெல்லா என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "கல்யாணத்தத் தள்ளி வச்சுக்கறோம் டாக்டர். எப்ப அட்மிட் பண்றீங்க?"

"தள்ள வேணாம்மா. வயித்தத் திறக்கப் போறதில்ல, சீக்கிரம் நடந்துடுவாரு." வலப்பக்கத்தில் பிட்டத்துக்குப் போகும் சிறு கிளை ஒன்றை மட்டும் அடைக்க வேண்டியிருக்கும் என்றார். "பின்பக்கத் தசைக்கு ரத்தம் கொறையும். நடந்தா வலிக்கும், நின்னா விட்டுடும். சில பேருக்கு அது அப்படியே இருந்துடும்."

முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்தார்கள். தொடை இடுக்குகளில் சிறு துளைகள்; அவற்றின் வழியே ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி போர்த்திய கம்பிவலைக் குழாய்) உள்ளே போனது. அது விரிந்தபின் ரத்தம் அதற்குள்ளேயே ஓடும். உப்பிய சுவரை அழுத்தாது. நான் விழித்திருந்தேன். திரையில் ரத்தக்குழாய்கள் கறுப்பாகக் கிளைவிட்டு மறைந்தன. அவை என்னுடையவை என்று தோன்றவில்லை.

மறுநாள் நடக்க வைத்தார்கள். வார்டின் கோடிக்குப் போவதற்குள் வலது பிட்டம் இறுக்கிப் பிடித்தது. நின்றேன். விட்டது.

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. மாதா கோவில் வாசலிலிருந்து பீடம்வரை ஜெனியைக் கைபிடித்து அழைத்துப்போக வேண்டும். பாதியில் வலி வந்தது.

"நில்லுப்பா" என்றாள் மெதுவாக. "அவுங்க பாடட்டும். நமக்கு என்னா அவசரம்?"

எல்லோரும் திரும்பிப் பார்க்க, நின்றோம். பாடகர் குழு அதே சரணத்தை மறுபடி பாடியது. பிறகு நடந்தோம்.

இதே சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களுக்கு: துளைகள் ஆறிவிடும். ஆண்டுதோறும் ஸ்கேன் தொடரும் (குழாய் நகர்ந்ததா, ரத்தம் கசிகிறதா என்று பார்க்க). ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்தது வரைதான் எனக்கு இப்போது வருடம்.

கடைக்கு நடந்து போகும்போது இடையிடையே நிற்கிறேன். எதிரே வருபவர்கள் தங்களுக்காக நிற்கிறேன் என்று நினைத்துப் பேசத் தொடங்குகிறார்கள். நானும் பேசுகிறேன். வலி விட்ட பிறகும் சில சமயம் நின்றுகொண்டே இருக்கிறேன்.